மதுரையில் இரண்டு அஸர்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. சிங்கப்பூரில் கப்பலேறிய ஓர் இயந்திரம் எனக்கு முன்பே மதுரைக்கு வந்து சேர்ந்தது.
2. அதை நிறுவி, ஓட்டிக்காட்டி, வாங்கிய மில் முதலாளியிடம் கையெழுத்து வாங்கிவர என்னை அனுப்பினார்கள். நான் தனியாகச் செய்யும் முதல் வேலை அது.
3. சுங்குடிச் சேலை எடுக்க அம்மாவும் (எங்கள் வீட்டில் உம்மா) கூடவே கிளம்பினார்.
4. ஓட்டிக்காட்டிய நாளில் இயந்திரம் குறையில்லாமல் ஓடியது. நான் பிற்பகல் தொழுகையான அஸர் தொழப் போனேன். கெட்டுப்போனது.
5. திரும்பி வந்தேன். சரியானது.
6. மில்லின் ஃபிட்டர் அஸர் தொழப் போனார். மறுபடி கெட்டது. அவர் வந்தார். சரியானது.
7. முதலாளி இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டார். தொழுகையை ஒருநாள் விட்டால்தான் கையெழுத்து என்றார்.

எண் போட்டு எழுதுவது சோதனைக்கூடத்தில் வந்த பழக்கம். ஆனால் மதுரை எண்ணுக்குள் அடங்கும் ஊர் இல்லை. மீதியைப் பத்திகளாகவே எழுதுகிறேன்.

இயந்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அது அரிசியை நிறம் பார்த்துப் பிரிப்பது. மேலிருந்து அரிசி சரிவில் வழிந்து விழும். விழும்போதே கேமரா ஒவ்வொரு மணியையும் பார்க்கும். கருப்பு, பழுப்பு, கல் என்று எது கண்ணில் பட்டாலும் அந்த மணியை மட்டும் ஒரு சின்னக் காற்று ஊதி வேறு குழாய்க்குத் தள்ளிவிடும். மில்லில் எல்லோரும் அதைச் சார்ட்டர் என்றார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

நாங்கள் தங்கியது கே.கே. நகரில், ஜமீலா மாமி வீட்டில். மாமி உம்மாவோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். முதல் நாள் விடியலில் எழுந்தபோது ஒரு பள்ளிவாசலில் பாங்கு தொடங்கியது. அது முடிவதற்குள் இன்னொன்று சேர்ந்துகொண்டது. பிறகு எங்கோ ஒரு கோயில் ஒலிபெருக்கி, பால்காரரின் சைக்கிள் மணி, மாமியின் மிக்ஸி. சிங்கப்பூரில் பள்ளிவாசல் ஒலிபெருக்கிகள் உள்பக்கம் பார்த்துத்தான் இருக்கும். எங்களுக்குப் பாங்கு ரேடியோவில் வரும். தீவு முழுவதற்கும் ஒரே நேரம், ஒரே குரல்.

இதைச் சொன்னதும் மாமிக்குக் கவலையாகிவிட்டது.

"ரேடியோ கெட்டுப்போனா என்ன செய்வீக?"

"கடிகாரம் இருக்கே மாமி."

"அதுவும் நின்னு போச்சுன்னா?"

"சூரியன் இருக்குல்ல ஜமீலா. அதுவுமா ரிப்பேராகும்?" என்றார் உம்மா, ஆட்டுக்கால் பாயாவில் இடியாப்பத்தை முக்கியபடி.

அந்தப் பாயாவைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். மிளகு தொண்டையில் இறங்கி, காதுக்குப் பின்னால் வந்து நின்றது. சிங்கப்பூரில் காலையில் பரோட்டாவும் காப்பியும் நின்றுகொண்டே முடித்துவிட்டு ரயிலுக்கு ஓடுகிறவள் நான். இங்கே காலை உணவே ஒரு நிகழ்ச்சியாக இருந்தது. எழுந்திருக்கப் பார்த்தால், "அதுக்குள்ள எங்க போற? இன்னும் பணியாரமே வரலையே" என்றார் மாமி.

சிங்கப்பூரில் என் அலுவலகத்தில் தொழுவதற்கு ஓர் இடம் வைத்திருக்கிறேன். இரண்டு மாடிகளுக்கு நடுவே படிக்கட்டுத் திருப்பம். யாரும் என்னைத் தடுத்ததில்லை. யாரும் கேட்டதும் இல்லை, நான் சொன்னதும் இல்லை. தேநீர் குடிக்கப் போகிறவளைப் போலப் போய்விட்டு வருவேன். மதுரையில் அது நடக்கவில்லை. இங்கே எல்லோரும் கேட்டார்கள்.

முதலில் கேட்டவர் ஆட்டோக்காரர். இரண்டாம் நாள் மில்லில் இயந்திரத்தை நிமிர்த்தி நிறுத்திவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். வண்டியூர்த் தெப்பக்குளத்தை ஒட்டி வரும்போது வண்டி ஒரு பக்கம் நொண்டியது. குளத்தில் தண்ணீர் இல்லை. உள்ளே நாலைந்து கிரிக்கெட் ஆட்டம் ஒன்றின் மேல் ஒன்றாக நடந்துகொண்டிருந்தது. சூரியன் அப்போதுதான் மறைந்திருந்தது. மஃரிப் நேரம் ஐந்து தொழுகைகளிலும் குறுகியது. வீடு போய்ச் சேரும்வரை அது காத்திருக்காது.

"பஞ்சர்ம்மா," என்றார் ஆட்டோக்காரர். "ஸ்டெப்னி கெடக்கு. இந்தா மாட்டிட்டேன்."

"அதுக்குள்ள நான் தொழுதுட்டு வந்துர்றேன்ணே."

"எங்கிட்டுப் போயி?"

"இங்கிட்டேதான்."

அவர் குளத்தையும் ரோட்டையும் என்னையும் பார்த்தார். "எம்புட்டு நேரமாகும்?"

"நீங்க டயர் மாட்டுற நேரம்தான்ணே."

பாட்டில் தண்ணீரில் கை, முகம், கால் கழுவி ஒளு செய்துகொண்டேன். கைப்பையில் எப்போதும் மடித்து வைத்திருக்கும் மெல்லிய விரிப்பை ஆட்டோவின் மறைவில், குளத்துச் சுவரை ஒட்டி விரித்தேன். மக்கா இருக்கும் திசையைக் கண்டுபிடிக்கச் சிரமமில்லை. வானம் சிவந்திருந்த இடத்துக்குச் சற்று வலப்புறம். சுவரின் மீது உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்த இரண்டு பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு, நான் முடித்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள்.

விரிப்பை மடித்துக்கொண்டு வந்தால், அவர் இன்னும் ஒரு நட்டோடு போராடிக்கொண்டிருந்தார்.

"நீங்க முடிச்சுட்டீக. எனக்கு இது ஒண்ணு வர மாட்டேங்குது. எனக்கும் சேத்து வேண்டியிருக்கலாம்ல?"

"வேண்டிட்டேன்ணே."

நட்டு கழன்றது. அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அதன் பிறகு அந்த ஊரில் இருந்தவரை என்னை ஏற்றிச்சென்றவர் அவர்தான். வேறு ஆட்டோவில் ஏற விடவில்லை.

மூன்றாம் நாள்தான் ஓட்டிக்காட்டும் நாள்.

மில் ஊருக்கு வெளியே, வண்டியூர் தாண்டி, வயல்களுக்கு நடுவே இருந்தது. முன்னால் நெல் காயப்போடும் பெரிய சிமெண்டுக் களம். பின்னால் தகரக் கூரை போட்ட உயரமான கூடம். முதலாளி ஜெகநாதன் சார் ஐம்பதைத் தாண்டியவர். அரிசி வியாபாரமே குடும்பத் தொழில். எங்களிடம் மதுரைத் தமிழ் பேசுவார். வீட்டிலிருந்து போன் வந்தால் அவர்கள் வீட்டு சௌராஷ்டிர மொழிக்கு மாறிவிடுவார். அப்போது குரல் பாதியாகக் குறையும்.

ஃபிட்டர் காதர் அண்ணன். நாற்பது வயது இருக்கும். மில்லில் எந்தப் பல்சக்கரம் எப்போது மாற்றியது என்று அவர் வாயிலிருந்துதான் எல்லோருக்கும் தெரியும். முதல் நாளிலேயே என்னைத் 'தங்கச்சி' ஆக்கிக்கொண்டார். என் அப்பாவைப் பற்றிக் கேட்டபோது, நான் 'வாப்பா' என்றதும், "வாப்பாவா! அப்ப நீங்க கடக்கரை ஆளுக. நாங்கள்லாம் 'அத்தா'ன்னுதான் கூப்புடுவோம்" என்றார். சரியாகத்தான் சொன்னார். எங்கள் பூர்வீகம் இராமநாதபுரத்துக் கடற்கரை.

முதலாளி நிபந்தனையை நேராகச் சொல்லிவிட்டார். சார்ட்டர் மதியத்திலிருந்து பொழுது சாயும்வரை ஓட வேண்டும். கழிவுக் குழாயில் நல்ல அரிசி போகக்கூடாது. போகாவிட்டால் கையெழுத்து. போனால், எங்கள் அலுவலகம் வேறு ஆளை அனுப்ப வேண்டும். வேறு ஆள் வந்தால் என் வேலை என்னாகும் என்று எனக்குத் தெரியும்: மறுபடி சோதனைக்கூட மேசை, மற்றவர்கள் போகும் ஊர்களுக்குப் பெட்டி கட்டிக்கொடுக்கும் வேலை.

நண்பகல் தொழுகையான லுஹரை முடித்துவிட்டு ஓட்டத் தொடங்கினேன். அழகாக ஓடியது. கழிவுக் குழாயிலிருந்து கருப்பும் பழுப்பும் மட்டும் மெல்லச் சொட்டின. முதலாளி ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் பரப்பிப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் போட்டார். அது பாராட்டு என்று காதர் அண்ணன் கண்ணால் சொன்னார்.

அஸர் நேரமானது. "தொழுதுட்டு வாரேன் சார்" என்று சொல்லிவிட்டு, வெற்றுச் சாக்குகள் அடுக்கியிருந்த அறைக்குப் போனேன். திரும்பி வரும்போதே சத்தம் கேட்டது. கழிவுக் குழாயில் அரிசி சடசடவென்று கொட்டிக்கொண்டிருந்தது. நல்ல அரிசி. முத்து முத்தாக.

ஓடிப்போய் இயந்திரத்தின் கட்டுப்பாட்டுப் பலகை முன்னால் நின்று அளவுகளைப் பார்த்தேன். எதுவும் மாறவில்லை. நான் ஒன்றையும் தொடுவதற்கு முன்பே கொட்டுவது நின்றுபோனது. காற்றழுத்தம் காரணமாக இருக்கலாம் என்று காதர் அண்ணனைப் பலகை முன்னால் நிறுத்திவிட்டு, வெளியே கம்ப்ரஸரைப் பார்க்கப் போனேன். அதில் குறையில்லை. வெகுநேரம் கழித்து, நான் இன்னும் கம்ப்ரஸர் பக்கம் இருக்கும்போதே, காதர் அண்ணன் அஸருக்குக் கிளம்பினார். மறுபடி சடசட. அவர் திரும்பி வந்தார். நின்றது.

முதலாளி நாற்காலியை இயந்திரத்துக்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நான் சாமிக்கு விரோதமாப் பேசல. ஆனா கண்ணால பாத்தேன். நீங்க தொழப் போனீக, மிஷினு கெட்டுச்சு. வந்தீக, சரியாச்சு. காதர் போனான், கெட்டுச்சு. வந்தான், சரியாச்சு. இதுக்கு என்னம்மா சொல்றீக?"

"பாக்கணும் சார்."

"இன்னொண்ணு. காதர் எங்கிட்ட இத்தன வருசமா இருக்கான். அவன் அஸருக்குப் போறப்பத்தான் களத்துப் பொம்பளைகளுக்கு டீ. இந்த மில்லுக்கே அதான் சங்கு. நீங்க அதுக்கு ரொம்ப முன்னாடியே அஸருன்னு போறீக. ஒரே சாமி, ஒரே தொழுகை. எதும்மா நெசமான நேரம்?"

"சிங்கப்பூர்ல சூரியன் சீக்கிரம் சாஞ்சிரும் முதலாளி," என்றார் காதர் அண்ணன்.

"நீ வாய மூடுறா."

அவருடைய சந்தேகம் எனக்குப் புரிந்தது. தொழுகையைச் சாக்காக வைத்து வேலையிலிருந்து நழுவுகிறேனோ என்பதுதான் அது. அதற்குப் பதில் என்னிடம் இருந்தது. ஆனால் களைத்துப்போயிருந்த அவரிடம் அதைச் சொல்லும் நேரம் அதுவல்ல என்று பட்டது.

"கடைசியா ஒரு தடவை ஓட்டிப் பாப்போம்," என்றார். "நாளைக்கு நாள் முழுக்கக் கரண்ட் கெடையாது. நாளன்னைக்கு. அன்னைக்கு ரெண்டு பேரும் எங்கிட்டும் போகக் கூடாது."

இரவுச் சாப்பாட்டுக்கு முன் சிங்கப்பூருக்கு போன் செய்தேன். என் மேலாளர் சீனர், பொறுமையானவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்த ஒரு நாள் மட்டும் தொழுகையைக் கொஞ்சம் தள்ளி வைக்க முடியாதா?" என்றார்.

"முடியும். வைக்க மாட்டேன்," என்றேன்.

அவருக்கு ஆச்சரியம் நான் மறுத்தது பற்றியல்ல. நான் தொழுகிறேன் என்பதே அவருக்கு அப்போதுதான் தெரியும். "எங்கே தொழுவாய்?" என்று கேட்டார். படிக்கட்டு என்றேன்.

உம்மா படுக்கையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "பயணத்துல இருக்குறவங்களுக்குச் சலுகை இருக்கே புள்ள. லுஹரோடயே அஸரையும் சேத்துத் தொழுதுட்டுப் போ. யாருக்கும் தொந்தரவு இல்ல."

"ஒரு வாரத்துக்கு மேல தங்குறதா முடிவு பண்ணித்தானே வந்திருக்கோம் உம்மா. அந்தக் கணக்குல நாம பயணி இல்ல."

"தெரியும். நீ சொல்றியான்னு பாத்தேன்."

மறுநாள் மின்சாரம் இல்லாத நாள், உம்மாவின் நாளாகிவிட்டது. மாசி வீதிப் பக்கம் ஒரு சுங்குடிக் கடையில் உம்மா சம்மணமிட்டு உட்கார்ந்தார். கடைக்காரர் சேலைகளை ஒன்றின் மேல் ஒன்றாக விரித்துக்கொண்டே போனார். கத்தரிப்பூ நிறத்தில், அரிசிமணி போல வெள்ளைப் புள்ளிகள் போட்ட ஒன்று வந்ததும் உம்மாவின் கை அதன்மேல் போய் நின்றுவிட்டது. அதைத் தனியே எடுத்து வைத்தார். எடுத்ததற்குப் பிறகும் நாலைந்து பார்க்க வேண்டும் என்பது உம்மாவின் விதி. அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது லுஹர் பாங்கு கேட்டது.

உம்மா எழுந்துவிட்டார். "இத மட்டும் வச்சிருங்க தம்பி. தொழுதுட்டு வாரேன்."

"பில்லு போட்டுட்டுப் போங்களேம்மா. கையோட முடிஞ்சிரும்."

"பில்லுன்னா பேசணும். பேசுனா நேரமாயிரும். வந்து பேசுவோம்."

பேரம் பேசாமல் பில் போடுவதும் உம்மாவின் விதிகளில் இல்லை.

சிங்கப்பூரில் எந்தப் பள்ளிவாசலிலும் பெண்களுக்கு மாடி இருக்கும். இங்கே விசாரித்து விசாரித்து, இரண்டு தெரு தள்ளி ஒரு பெண்கள் மதரஸாவைக் கண்டுபிடித்தோம். அங்கே தொழுதோம். அங்கிருந்த பெண்கள் எலுமிச்சைச் சாறு கொடுத்து, என் சம்பளம், கல்யாணம், எடை மூன்றையும் விசாரித்தார்கள். திரும்பிக் கடைக்கு வந்தபோது கத்தரிப்பூ நிறச் சேலை இல்லை.

"திருமங்கலத்துக்காரவுகம்மா. எம்புட்டோ சொன்னேன், எடுத்து வச்சிருக்குன்னு. அவுக வீட்டுக் கல்யாணம், இதான் வேணும்னு நின்னுட்டாக. பையன் பில்லப் போட்டுட்டான்."

அதே நிறத்தில் இன்னொன்று இல்லை. அதே புள்ளியில் வேறு நிறம் இருந்தது. உம்மா அவற்றைத் தடவிப் பார்த்துவிட்டு ஒரு பச்சையை எடுத்துக்கொண்டார். வெளியே வந்து, ஜிகர்தண்டாக் கடையில் இரண்டு டம்ளர் குடித்தார். எப்போதும் ஒன்றோடு நிறுத்துகிறவர்.

"பில்லு போட்டிருக்கலாம்ல உம்மா?"

"போட்டிருக்கலாம்." டம்ளரை வைத்தார். "போனது சேலைதானே."

முகத்தில் வருத்தம் இருந்தது. அதை மறைக்கவும் இல்லை. எழுந்து போனதற்காக வருந்தவும் இல்லை. இரண்டும் ஒரே முகத்தில் இருக்கலாம் என்பதை அன்று பார்த்தேன். மறுநாள் மில்லில் என்ன செய்வது என்று நான் யோசித்ததெல்லாம் அதோடு முடிந்தது. தொழப் போகத்தான் போகிறேன். கையெழுத்துப் போனால், போனது கையெழுத்து.

ஐந்தாம் நாள் மில்லுக்குப் போகும்போது மனம் லேசாகத்தான் இருந்தது. லுஹர் முடித்துவிட்டு இயந்திரத்தை ஓட்டினேன். முதலாளி நாற்காலியில். களத்தில் பெண்கள் நெல்லைப் பலகையால் தள்ளிப் பரப்பிக்கொண்டிருந்தார்கள். அஸர் நெருங்கியதும் நானே அவரிடம் போனேன்.

"சார், முந்தாநாள் கேட்டீங்கல்ல, எது நெசமான நேரம்னு. களத்துக்கு வாங்க, காட்டுறேன்."

"மிஷின்?"

"காதர் அண்ணனுக்குப் பதிலா ஹெல்ப்பர் ராமுவ நிறுத்தலாம். நாமளும் பத்தடியிலதான் இருக்கப் போறோம்."

வந்தார். காதர் அண்ணனும் வந்தார். நெல் தள்ளும் பலகை ஒன்றை வாங்கி, அதன் கம்பைத் தரையில் செங்குத்தாக நிறுத்தினேன். நிழல் கிழக்கே விழுந்தது.

"உச்சி வெயில்லயும் கொஞ்சம் நிழல் இருக்கும். அத விட்டுருவோம். அதுக்கு மேல, இந்தக் கம்பு உயரத்துக்கு நிழல் நீண்டா எங்களுக்கு அஸர். ஷாஃபி வழி. நாங்க கடக்கரைக்காரங்க, சிங்கப்பூர்ல பெரும்பாலும் எல்லாரும் அதுதான். கம்பு மாதிரி ரெண்டு மடங்கு நீண்டா காதர் அண்ணனுக்கு அஸர். அவங்க ஹனஃபி வழி. ரெண்டும் சரிதான் சார். ரெண்டும் ஒரே சூரியனப் பாத்துத்தான்."

முதலாளி குனிந்து பார்த்தார். "அட. நெல்லு கெளர்றதுக்கு நாங்களும் நெழலப் பாத்துத்தான சொல்வோம்." பிறகு சிரித்தார். "அப்ப நீங்க ஒரு மடங்கு, இவன் ரெண்டு மடங்கு."

"நான் எப்பவுமே ரெண்டு மடங்குதான் முதலாளி. சம்பளத்துலதான் ஒரு மடங்கு," என்றார் காதர் அண்ணன்.

நிழலின் நுனியில் கோடு போட்டுக் காட்டலாம் என்று ஓர் அடி முன்னால் வைத்தேன்.

"தள்ளி நில்லுங்க தங்கச்சி. ஒங்க நெழல் விழுந்து கம்பு நெழலு தெரியல."

நான் நகர்ந்தேன். வெயில் திரும்பி வந்து தரையில் விழுந்தது. நிழலின் கோடு பளிச்சென்று தெரிந்தது; என் அஸர் வந்திருந்தது.

நான் அங்கேயே நின்றேன். நான் நின்றால் மறைகிறது. நகர்ந்தால் விழுகிறது.

கூடத்துக்கு நடந்தேன். மற்ற இருவரும் பின்னால் வந்தார்கள். மேற்குச் சுவரின் உச்சியைப் பார்த்தேன். சார்ட்டருக்கு அரிசி ஏற்றும் குழாயைக் கொண்டுவருவதற்காகத் தகரத்தை வெட்டியிருந்தார்கள். குழாய் வந்துவிட்டது; ஓட்டையின் மீதி அடைபடவில்லை. அது வழியாக வெயில் ஒரு பலகை போலச் சரிந்து இறங்கிக்கொண்டிருந்தது. தவிட்டுத் தூசு அதில் மிதந்தது. அதன் நுனி தரையில், இயந்திரத்துக்குக் கொஞ்சம் முன்னால் கிடந்தது. இன்னும் சற்று நேரத்தில் அது இயந்திரத்தின் கண்ணாடியில் ஏறும். ஏறினால் கேமராவின் கண் கூசும். நல்ல அரிசியும் அதற்குக் கெட்டதாகத் தெரியும். கண்ணாடிக்கு முன்னால் கட்டுப்பாட்டுப் பலகையைப் பார்த்தபடி நானோ காதர் அண்ணனோ நின்றால், எங்கள் முதுகு அந்த வெயிலை மறைத்துக்கொள்ளும்.

அதாவது முதலாளி கண்ணால் பார்த்தது சரி. நாங்கள் தொழப் போனபோதுதான் கெட்டது. அஸரைக் குறிக்கிற அதே சூரியன்தான் அந்தக் கோளாறையும் குறித்திருக்கிறது.

"காதர் அண்ணே, ஏணி போட்டு அந்த ஓட்டைல ரெட்டைச் சாக்கு கட்டுங்க. சார், கட்டின பிறகு யாரும் மிஷின் முன்னாடி நிக்க வேணாம். ராமு, நீங்களும் தள்ளி வாங்க. நான் தொழுதுட்டு வாரேன்."

"இப்பவா?" முதலாளி பதறிப்போனார். "கண்டுபிடிச்சாச்சுங்குறீக. இருந்து சரியாகுதான்னு பாத்துட்டுப் போங்கம்மா! காதரோட அஸருக்கே இன்னும் நேரம் கெடக்குல்ல."

கிடக்கிறதுதான். அவர் சொன்னது தவறில்லை. எனக்கும் இருந்து பார்க்க வேண்டும் போலத்தான் இருந்தது. அந்த ஆசை முதலாளியின் நிபந்தனையைவிட, மேலாளரின் கேள்வியைவிடப் பெரியதாக இருந்தது. வேறொருவர் தடுத்தால் மறுத்துவிடலாம். இப்போது தடுப்பது நானே. ஒரு நிமிடம், இன்னொரு நிமிடம் என்று தள்ளிக்கொண்டே போனால் எந்த நாளிலும் நின்று பார்க்க வேண்டிய இயந்திரம் ஒன்று இருக்கும்.

"டயர் மாட்டுற நேரம்தான் சார்," என்றேன். அவருக்கு அது புரிந்திருக்க நியாயமில்லை.

சாக்கு அறையில் தக்பீர் கட்டித் தொழத் தொடங்கினேன். தொழுகையின் நான்கு ரக்அத்களில் முதலாவது அமைதியாகப் போனது. இரண்டாவதில் கழிவுக் குழாய் சடசடவென்று கொட்டியது. நல்ல அரிசி கொட்டும் சத்தம் எனக்கு இப்போது தனியாகவே தெரியும். நின்றது. மறுபடி கொட்டியது. நின்றது. மனம் கூடத்துக்குள் ஓடியது. இழுத்து வந்து நிறுத்தினேன். மறுபடி ஓடியது. மறுபடி இழுத்தேன். நான் தொழுத நல்ல தொழுகைகளில் அது ஒன்றல்ல. ஆனால் அவசரப்படாமல், ஒவ்வொரு நிலையிலும் நிற்க வேண்டிய அளவு நின்று, சலாம் கொடுத்து முடித்தேன். சாக்குக் கட்டியும் சரியாகவில்லை என்ற முடிவோடுதான் வெளியே வந்தேன்.

கூடத்தில் ஏணி மீது நின்றது காதர் அண்ணன் இல்லை. ஜெகநாதன் சார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு கையால் ஏணியைப் பிடித்து, மறு கையால் சாக்கைத் தூக்கினார். வெயில் கண்ணாடியில் விழுந்தது, சடசட. சாக்கை விட்டார். நின்றது.

"தூக்குனா கொட்டுது!" என்று மேலேயிருந்து கத்தினார். "விட்டா நிக்குது! பாருங்க, பாருங்க!"

"மிஷின் முன்னாடி ஆளே இல்ல தங்கச்சி," என்றார் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த காதர் அண்ணன். "முதலாளி இப்படியே தூக்கித் தூக்கிப் பாத்து, ஒரு படி அரிசியக் கழிவுல விட்டுட்டாரு."

"போனாப் போகுதுடா. கழிவுலருந்து எடுத்து மறுபடி போடு." இன்னொரு முறை தூக்கினார்.

அவர் இறங்கி வெகுநேரம் கழித்துக் காதர் அண்ணனுடைய அஸரும் வந்தது. அவர் போனார். களத்துப் பெண்கள் தேநீருக்கு உட்கார்ந்தார்கள். இயந்திரத்துக்கு முன்னால் யாரும் நிற்கவில்லை. கருப்பும் பழுப்பும் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தன. பொழுது சாயும்வரை அப்படியே.

"ஒங்க தொழுகை மேல பழியப் போட்டுட்டேன்," என்றார் முதலாளி, பேனாவைத் திறந்துகொண்டே.

"இல்ல சார். நீங்க பாத்தது சரி. காரணம் மட்டும்தான் வேற."

"ரெண்டு பேருக்கும் ஒரே நேரம் வராததும் நல்லதாத்தான் போச்சு. ஒரு ஆளு போனா ஒரு ஆளு இருக்கீக." கையெழுத்துப் போட்டார். பிறகு போன் வந்தது. குரல் பாதியாகி, வீட்டு மொழிக்குப் போய்விட்டார். நடுவில் 'அஸர்' என்ற சொல் மட்டும் எனக்குப் புரிந்தது.

தொழுததால் இயந்திரம் சரியானது என்று நான் எழுத மாட்டேன். அது சாக்கால் சரியானது. சாக்குக் கட்டியும் சரியாகாமல் போயிருந்தால், கையெழுத்து இல்லாமல் திரும்பியிருப்பேன்; அன்றும் அஸரை அஸர் நேரத்தில்தான் தொழுதிருப்பேன். உம்மா சேலைக்கடையிலிருந்து எழுந்தபோது அவருக்கும் யாரும் எந்த உறுதியும் கொடுத்திருக்கவில்லை. தொழுகை நேரம் குறிக்கப்பட்ட கடமை என்று மதரஸாவில் படித்தது எனக்கு மனப்பாடமாக இருந்தது. அந்த நேரம் களத்துச் சிமெண்டில், ஒரு பலகைக் கம்பின் நிழலாக விழுந்து கிடந்ததைப் பார்த்தது மதுரையில்தான்.

இப்போதைய நிலவரம் இது. மில்லில் மேற்கு ஓட்டைக்குத் தகரம் அடித்தாகிவிட்டது. சார்ட்டர் ஓடுகிறது என்று காதர் அண்ணன் போனில் சொன்னார். அலுவலகத்தில் நான் இன்னும் படிக்கட்டுத் திருப்பத்தில்தான் தொழுகிறேன். ஆனால் எங்கே போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறேன். என் அடுத்த வேலை பினாங்கில். அதற்கான அட்டவணையில் முதலில் தொழுகை நேரங்களைக் குறித்துவிட்டு, மீதி இடத்தில் வேலைகளை நிரப்பியிருக்கிறேன். மேலாளர் பார்த்து ஒப்புதல் கொடுத்துவிட்டார். உம்மாவுக்கு அந்தக் கத்தரிப்பூ நிறச் சேலை இன்னும் கிடைக்கவில்லை.